இரண்டாம் தட்டு

நான் வரும்போது சுகிர்தா
ஆரே ஆற்றுப் பாலத்தின் மேல் பஸ்ஸுக்குள் இருப்பாள்.
அவள் வரும்போது நான் சப்பாத்துக் கயிறு கட்டி இறங்கியிருப்பேன்.
ஓல்டனில் எங்கள் குடித்தனம்
குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில் நடக்கிறது.

இரவெல்லாம் ரயில்பெட்டி துடைக்கிறேன்.
இருக்கைக்கடியில்
ஒரே ஒரு கடி கண்ட ஆப்பிள்,
உறை பிரிக்காத சாண்ட்விச்,
சூரிச்சில் வாங்கி பேர்ன்வரை பசிக்காத
யாரோ ஒருவருடைய கேக்.
எல்லாம் ஒரே கறுப்புப் பைக்குள்.
எடுக்கக் கூடாது, தின்னக் கூடாது.
முடிச்சுப் போடும்போது மட்டும்
கை கொஞ்சம் கூடுதலாக இறுக்கிவிடுகிறது.

காலை ஐந்தே முக்கால். வீடு.
சப்பாத்தைக் கழற்றமுன் மூடியைத் திறக்கிறேன்.

செவ்வாய் நான் வைத்துப் போன பருப்பு
புதன் ரசமாகியிருந்தது.
அந்த ரசத்தின் மண்டியில்
கோதுமை மா பிசைந்து நான் ரொட்டி சுட்டேன்.
வியாழன் அந்த ரொட்டியை
கோவாவும் முட்டையும் போட்டுக் கொத்தியிருந்தாள்.
கொத்திய சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
ஆனால் துண்டுகளைப் பார்க்கத் தெரிந்தது
அன்றைக்கு மேற்பார்வைக்காரியோடு
ஏதோ தகராறு என்று.
அத்தனை பொடி.

பதிலுக்கு நான்
கல்லாய்க் காய்ந்த பாணைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு
ஏலக்காய் இரண்டு தட்டி
அவனில் வேகவைத்து எடுத்துவிட்டுப் படுத்தேன்.
இனிப்புச் செய்தால் சமாதானம் என்று அர்த்தம்,
பிழை யாருடையது ஆனாலும்.

எல்லாமே இப்படி இல்லை.
மாசியில் ஒரு கட்டு வெந்தயக்கீரை
கறுத்து நீர்விட்டுப் போனது.
அவள் செய்வாள் என்று நான்,
நான் செய்வேன் என்று அவள்.
இந்த நாட்டில் குப்பைக்கும் காசு கொடுத்துத்தான்
பை வாங்க வேணும்.
அழுகிய கீரையைக் காசு கட்டி வழியனுப்பினேன்.
மூன்று நாள் நாங்கள் பேசவில்லை.
அதாவது, இரண்டாம் தட்டில்
கடைத் தயிர் மட்டும் இருந்தது.

பிறகொரு நாள்
அவித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தில்
ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தாள்:
‘சலவை அறை மார்லிஸ் சொன்னவ,
ரோஸ்டிக்கு நேற்று அவித்த கிழங்குதான் சரியாம்.
இன்றையது துருவக் குழையுமாம்.
தோலோடு விடுங்கோ. நாளைக்கு வேணும்.’
அந்த ‘நாளைக்கு’ என்பதை
நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன்.

ஏழு கிழமைக்குப் பிறகு
இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிறு ஓய்வு விழுந்தது.
சூடாய்ச் சோறு, அப்போதுதான் இறக்கிய மீன் குழம்பு.
எதிரெதிரே இருந்தோம்.
முகம் பார்த்துப் பேசும் பழக்கம்
எங்கோ தவறிப்போயிருந்தது.
‘உப்புக் காணுமோ?’
‘காணும்.’
அவள் காதோரம் நரைத்திருந்தது, எப்போதிருந்தோ.
இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டேன்.
‘முடிஞ்சுது’ என்றாள்,
எழும்பிப்போய்ச் சட்டியைக் கழுவினாள்.

திங்கள் விடிய வந்து திறந்தேன்.
இரண்டாம் தட்டில் ஒன்றுமில்லை.
வெளிச்சம் மட்டும்.
கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்,
பெட்டி கீக் கீக் என்று கத்தத் தொடங்கும் வரை.

குனிந்தபோதுதான் கண்டேன்.
கீழ்த் தட்டில்,
பாதி எலுமிச்சைக்கும் தயிருக்கும் பின்னால்
ஒரு சின்னக் கிண்ணம்.
நடுத்துண்டு ஒன்று,
மேலே உறைந்த எண்ணெய்,
அவள் முடிஞ்சுது என்ற குழம்பு.

இரவு தாண்டிய மீன் குழம்பின் ருசி
அவளுக்குத் தெரியும்.

பாதி சாப்பிட்டேன்.
மீதிக்கு
மூடி தேடுகிறேன்.